நடுவில் ஆள் இல்லாத இரண்டு நாள்

எங்கள் கல்யாண நாளுக்கு ரிசார்ட்டில் ரூம் போட்டுக் கொடுத்தது எங்கள் மகள். "ஏரியூர்ப் பக்கம்மா, ஏரிக்கரையிலயே இருக்குது. ஒம் பொறந்த ஊருக்குப் பக்கந்தான். சனி, ஞாயிறு ரெண்டு நாளு. நீயும் அப்பாவும் மட்டும்" என்று ஓசூரிலிருந்து போனில் சொன்னாள். அந்த 'மட்டும்' என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னாள். நானும் என் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் பேசி வருடக்கணக்காகிறது.

பிரிந்தெல்லாம் இல்லை. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர் தக்காளி விவசாயம், நான் அரசுப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். பகலெல்லாம் பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வருவேன். வாசற்படி தாண்டி உள்ளே காலை வைத்ததும் வாயில் கொழுக்கட்டை. எங்களுக்குள் பேச்சு போக வர இருந்த ஒரே வழி மகள்தான். "பாப்பா, அப்பாவ சாப்புட வரச் சொல்லு." "பாப்பா, உங்கம்மாகிட்ட மோட்டார் போட்டாச்சான்னு கேளு." உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எங்கள் வீட்டு மத்தளம் அவள்.

ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. எங்கள் பக்கம் பாதிப் பேர் வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் பிள்ளையைச் சாக்கு வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். அவர்களுக்கு அது வழக்கம், எங்களுக்கு அது வைராக்கியம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மகள் கல்லூரி விடுதிக்குப் போனபோதுதான் திண்டாடிப்போனோம். கொல்லையில் நிற்கிற மனுஷனுக்குச் சோறு ஆறுகிறது என்று சொல்ல நான் விடுதிக்குப் போன் போட்டிருக்கிறேன். அவள் அங்கிருந்து அவருக்குப் போன் போடுவாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் எத்தனையோ தடவை தனியாகச் சிரித்திருக்கிறேன்.

காரணம் இதுதான். மகள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு கோடையில் என் அப்பா இறந்துபோனார். வீட்டில் அப்போது செல்போன் ஒன்றுதான், அது அவர் கையில் இருக்கும். என் அண்ணன் காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். தோட்டத்தில் தக்காளி லோடு ஏறிக்கொண்டிருந்தது, லாரி நின்றது. லோடை அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் வந்து நின்று சொன்னார். நாங்கள் ஏரியூர் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை எடுத்துவிட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். "காத்தாலயே சொல்லியாச்சே, ஏன் வரல?" என்று அண்ணன் கேட்டபோதுதான், அவருக்குக் காலையிலேயே தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. பெற்ற அப்பன் முகத்தைப் பார்க்காமல் வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ வந்து அழுதுகிட்டு நின்னா ஆளுங்க வேலைய வுட்டுட்டு நிப்பாங்க. தக்காளி வெடிச்சிரும்னு பாத்தேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப அந்தத் தக்காளியவே கட்டிக்கிட்டு அழுங்க. இனிமே உங்க கூட எனக்குப் பேச்சே கெடையாது" என்றேன். "செரி" என்றார். மனுஷன் நேராக என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

மகளுக்குக் கல்யாணமாகி, இப்போது வயிற்றில் ஐந்தாம் மாதம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ரிசார்ட்டில் ரூம் போட்ட அன்றே அவள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே எம் மூலமா ஒரு வார்த்தையும் போவாதும்மா. நாள பின்ன எம் புள்ளையையும் நடுவுல நிறுத்தி, 'தாத்தாகிட்டச் சொல்லு, பாட்டிகிட்டச் சொல்லு'ன்னு ஆரம்பிச்சிருவீங்க. அதுக்கு நான் வுட மாட்டேன். பேசிட்டு வந்தீங்கன்னா ரெண்டு பேரும் எங்கூட வந்து இருங்க, மாடி வூடு காலியாத்தான் கெடக்குது. பேசலைன்னா நீ மட்டும் வா. அப்பா அங்கியே இருக்கட்டும்."

"இந்த வயசுல என்னாடி வெட்டி வுடுறதுக்குப் பாக்கற?" என்றேன்.

"நான் வெட்டலம்மா. ஒட்டிக்கிட்டுத்தான் கெடந்தேன், இத்தினி வருசமா" என்றாள்.

எனக்கு அவரைத் தனியாக விட்டுப்போக மனசில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு மன்னிப்பும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். முன்பெல்லாம் "இந்தா புள்ள" என்று கூப்பிடுவார். அப்படி ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும், பழையதெல்லாம் ஏரியோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் காரில் ஏறினேன். காரும் மகள் ஏற்பாடுதான். அவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில். பென்னாகரம் தாண்டும்வரை டிரைவரிடம் மழை இல்லாததைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஊரான் டிரைவரிடம் வாய் ஓயவில்லை!

ஏரிக்கரை ரிசார்ட் என்ற பெயர்தான், ஏரியைக் காணோம். மேட்டூர் அணையின் பின்தண்ணீர் அது. அணையில் நீர் இறங்கினால் இங்கே கரையை விட்டுத் தூரப் போய்விடும். வராந்தாவில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை வெடித்துக் கிடக்கும் களிமண், அதற்கப்பால் கோடு கிழித்த மாதிரி கொஞ்சம் தண்ணீர். நீர் வற்றிய இடத்தில் யாரோ கடலை போட்டிருந்தார்கள். என் அப்பாவும் அப்படித்தான் தண்ணீர் பின்னால் போகப் போக விதைத்துக்கொண்டே போவார். பரிசல் சவாரி என்று போட்டிருந்த போர்டுக்கடியில் ஒரு நாய் படுத்துக் கிடந்தது.

அறைக்குள் போனால் ஒரே கட்டில். கட்டில்மேல் துண்டை முறுக்கி இரண்டு அன்னம் செய்து, மூக்கோடு மூக்கு முட்ட வைத்து, சுற்றிலும் ரோஜா இதழைத் தூவி வைத்திருந்தார்கள். அட கண்றாவியே! அவர் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த அன்னங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அங்கே சமையலும் பரிமாறலும் பார்த்தது உள்ளூர்க்கார அம்மா ஒருத்தி, நல்ல கலகலப்பு. மத்தியானம் கேக் கொண்டுவந்து வைத்தாள். "உங்க பொண்ணு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்குதுங்க. ரெண்டு பேரும் சேந்து வெட்டுங்க" என்றாள். சேர்ந்து வெட்டினோம். கத்தியின் பிடியில் அவர் கை, அவர் கைக்கு மேலே படாமல் என் கை. "ஐய, கைய நல்லாப் புடிங்கம்மா. சாரு, ஒரு துண்டு எடுத்து ஊட்டி வுடுங்க" என்று அவள் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் ஒரு துண்டை எடுத்தார். என் பக்கமாகக் கொண்டுவந்தார். இந்த வயதில் எனக்கு வெட்கம் வந்து தொலைத்தது. வாயைக்கூடக் கொஞ்சம் திறந்துவிட்டேன். அவர் அந்தத் துண்டை ஒரு தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்திவிட்டு, "அவங்கள சாப்புடச் சொல்லுங்கம்மா" என்றார்.

'அவங்க.' பேச்சு இருந்த காலத்தில் வா, போ, கோபம் வந்தால் வாடி, போடி. பேச்சு போனதும் மரியாதை கூடிவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சாரு சாப்புடச் சொல்றாருங்க" என்றாள். பாவம், புதிதாக ஒரு மத்தளம் கிடைத்துவிட்டது. நான் சாப்பிட்டேன். வெறும் சர்க்கரை.

சாயங்காலம் வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டிலும் உட்கார்ந்து ஏரி இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்தான் முதலில் வீம்பை விட்டு இறங்கி வந்தேன்.

"காத்து ஜிலுஜிலுன்னு இருக்குது" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னேன்.

"மேகாத்து, மேக்கால இருந்து வருது. மழை வராது" என்று அவர் வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

உங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாக இருக்காது. எனக்கு எழுந்து ஆடலாம்போல இருந்தது. நடுவில் ஆள் இல்லாமல் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை போய், அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்கிறது! இன்னும் இரண்டு வார்த்தை போட்டால் வழிக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். குளிரில் நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டதைப் பார்த்திருப்பார்போல, போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "பாப்பா, உங்கம்மாவ சால்வை எடுத்துப் போத்திக்கச் சொல்லு." ஸ்பீக்கரில் போடாமலே அவள் பதில் எனக்குக் கேட்டது. "பக்கத்துலதான இருக்காங்க, நீங்களே சொல்லுங்கப்பா." வைத்துவிட்டாள். அவர் அணைந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் என் சால்வையைக் கொண்டுவந்து என் நாற்காலிக் கைப்பிடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, அதுதான் என் புத்தி. ஏரியைப் பார்த்தபடியே, "அன்னைக்கி காத்தாலயே சொல்லியிருந்தா எங்கப்பா மொகத்த ஒருக்காப் பாத்திருப்பேன்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. கோபமெல்லாம் இல்லவும் இல்லை. அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சமையல்கார அம்மா தட்டோடு வந்தாள். தப்பித்தோம் என்று அவர் அவளைப் பார்த்து, "அவங்களுக்குச் சூடா எதுனா குடுங்கம்மா, குளுருது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அந்த அம்மாவின் மேல்கூட எரிச்சலாக வந்தது. வந்ததுதான் வந்தாள், இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருக்கக் கூடாதா?

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, அவர் ஏரிக்குள் இறங்கி நடந்துகொண்டிருந்தார். விவசாயிக்குச் செடியைக் கண்டால் கால் நிற்காது. கடலைச் செடியை ஒன்றிரண்டு பிடுங்கிப் பார்த்தார், மண்ணை உதிர்த்துப் பார்த்தார், அப்படியே தண்ணீரை நோக்கிப் போனார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் செம்மண்ணும் கிணறும். இந்த ஏரி மண் எனக்குத்தான் தெரியும். தண்ணீர் அப்போதுதான் விட்டுப்போன இடத்தில் மேலே ஆடை கட்டினமாதிரி காய்ந்து கிடக்கும், காலை வைத்தால் உள்ளே இழுக்கும். என் அப்பா எங்களை அந்தப் பக்கம் விடவே மாட்டார்.

வைராக்கியமாவது ஒன்றாவது! கரையிலிருந்து இறங்கி ஓடினேன். கையை ஆட்டிக் கத்தினேன்.

"ஏங்க! அங்க போவாதீங்க! பொதஞ்சிரும், திரும்பி வாங்க!"

பள்ளிக்கூட மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை. அந்த வெட்டவெளியில் அது கேட்காமல் இருக்க முடியாது. கேட்டது. அவர் நின்றார், திரும்பினார், என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று தேடினார். அந்த ஏரிக்குள் அவரைத் தவிர ஒரு காக்கை குருவி கிடையாது. ஆள் யாரும் தென்படாததால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் இரண்டு எட்டு வைத்தார்.

முழங்கால்வரை இறங்கிவிட்டது. ஒரு காலைப் பிடுங்கப் பார்த்ததில் மற்றது தொடைவரை போனது. நான் போக முடிந்த தூரம்வரை போய் நின்றுவிட்டேன். அதற்குமேல் போனால் நானும் மாட்டிக்கொள்வேன். எங்களுக்கு நடுவில் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பயந்துபோய் என்னையே பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். கூப்பிடுய்யா, ஒரே ஒரு தடவை கூப்பிடு என்று எனக்குள் கதறிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தபடியே அவர் கத்தினார்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

அது வீம்பாக இருந்திருந்தால் நான் இரண்டு திட்டு திட்டியிருப்பேன். முகத்தில் வீம்பு இல்லை. அந்த வாய் இரண்டு தடவை திறந்து மூடியதை நான் பார்த்தேன். என்னைக் கூப்பிடத்தான் பார்த்தார். என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்கு அகப்படவில்லை. கோபமாக இருந்தால் என்றைக்காவது தணியும், சண்டையாக இருந்தால் சமாதானம் உண்டு. எங்கள் கோபம் எந்தக் காலத்திலோ ஆறிப்போயிருக்கிறது. அது ஆறினது இரண்டு பேருக்கும் தெரியாமல், பேசாமல் இருப்பதையே நாங்கள் குடித்தனமாக நடத்தியிருக்கிறோம். இப்போது பேச வேண்டும் என்று வந்து நிற்கும்போது பேச்சு இல்லை. இதற்கு யாரிடம் போய் வைத்தியம் பார்ப்பது?

ஒரு மேட்டுக்கு அப்பால், எங்கள் கண்ணில் படாமல் தண்ணீரில் மீன் வலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சத்தம் கேட்டு வந்து, பரிசலைச் சேற்றின்மேல் தள்ளிக்கொண்டு போய், அதன் விளிம்பைப் பிடிக்க வைத்து அவரை வெளியே இழுத்தார். இடுப்புவரை சேறோடு கரையேறி வந்தார். ரிசார்ட்டுக் குழாயடியில் நான் டியூபைப் பிடித்துக் காலில் தண்ணீர் அடித்துவிட்டேன். ஒரு காலைக் காட்டினார், பிறகு மறு காலைக் காட்டினார். முழங்காலில் சிராய்த்திருந்தது. என் கை பட்டபோது உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, வலியா வேறு ஏதாவதா என்று கேட்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும் மகள் போன் செய்தாள்.

"அப்பா பேசினாரா?"

"இல்லடி."

"நீயி?"

"நா கூப்ட்டேன்."

"கூப்ட்டியா! அப்பறம்?"

"வேற யாரையோ கூப்புடறேன்னு நெனச்சிக்கிட்டாருடி."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தேன், வயிற்றுப் பிள்ளைக்காரி. "வந்துரும்மா" என்றாள் கடைசியில். பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவருக்கு அது கேட்டிருக்கும். எழுந்து என் பையை எடுத்து, காயப்போட்டிருந்த என் சேலையை மடித்து உள்ளே வைத்தார். அவருக்குச் சேலை மடிக்க வராது. மடிப்பதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

கார் முதல் நாளே திரும்பிவிட்டதால் டவுன் பஸ்ஸில் வந்து தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அவருக்கு மாரண்டஹள்ளி பஸ், எனக்கு ஓசூர் பஸ். என் பஸ் முதலில் வந்தது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, எனக்கு ஜன்னலோரம் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். பையைக் காலடியில் வைத்தார். தண்ணீர் பாட்டிலை வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். விரலோடு விரல் பட்டது. இறங்கிவிடட்டுமா என்று ஒரு நொடி தோன்றியது. இறங்கி என்ன செய்வது? போய் அந்த வீட்டில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மகளிடமிருந்து வராத போனுக்காகக் காத்துக்கொண்டிருப்பதா?

டிரைவர் ஏறிவிட்டார். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஓசூர் வந்தா இவங்கள எழுப்பி வுட்டுருங்க. பஸ்ஸுல ஏறுனா தூங்கிருவாங்க."

"செரிங்க" என்றாள் அந்தப் பெண். பஸ் நகர்ந்தது. அவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து, பிறகு நின்றுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் நேராக உட்கார்ந்தேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "யாருங்க அவுரு, உங்க சொந்தமா?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்க்காரருங்க" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டு, அவள் மடியிலிருந்த பையைத் திறந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.